ஊதிப் பார்த்து பாஸ் போடுகிறவர்

எங்கள் வீட்டிலிருந்து ஒரு இன்ஜின் கவர் வெளியே போக வேண்டுமென்றால், என் வீட்டுக்காரர் அதன்மேல் ஒரு முறை மூச்சு விட வேண்டும். மூக்குக்கண்ணாடி துடைக்கிறவர்கள் செய்வார்களே, அதுபோல வாயைக் கிட்டே கொண்டுபோய் ‘ஹா’ என்று ஊதுவார். மினுமினுக்கிற அலுமினியத்தின்மேல் வெள்ளையாக ஒரு மூட்டம் கட்டும். அந்த மூட்டம் எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கலைந்து போனால் வேலை சரி. எங்கேயாவது கோடு கோடாக நின்று கலைந்தால், அங்கே கீறல் இருக்கிறது, இல்லாவிட்டால் மெருகு போடத் தடவுகிற பஃப் சோப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெயிலில் காட்டிப் பார்த்தாலும் தெரியாத குறை மூச்சில் தெரிந்துவிடும். அவர் ‘பாஸ்’ என்றால் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைப்பேன். ‘ரிஜெக்ட்டு’ என்றால் மறுபடியும் மோட்டாரைப் போடுவேன்.

மெருகு போடுவது நான், பாஸ் போடுவது அவர். இதை மாற்றக்கூடாது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அவர் வேலை பார்த்த பட்டறையில் அப்படித்தான் சட்டமாம். மெருகு போட்டவனே தன் வேலையை ஊதிப் பார்க்கக்கூடாது, பக்கத்து மோட்டார்க்காரன்தான் ஊத வேண்டும். "அவன் அவன் போட்ட வேலை அவன் அவன் கண்ணுக்கு சோக்காத்தான் தெரியும்" என்பார். மாலை போடாத குறையாக இந்தச் சட்டத்தைக் கும்பிடுவார். ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

"யோவ், ஊதுறியா, அதுக்கு முத்தம் குடுக்குறியா? சீக்கிரம் சொல்லு, சோறு வடிக்கணும்."

"அவசரப்படாதமே. மூட்டம் கலையட்டும்."

மோட்டார் முன்னால் நிற்க முடியாமல், கட்டிலில் உட்கார்ந்து பாஸ் மட்டும் போடுகிற இந்த நிலைமை அவருக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டறையில் பல வருஷம் பஃபிங் மோட்டார் முன்னால் நின்றவர். துணிச் சக்கரம் சுற்றும், அதில் சோப்பைத் தடவி அலுமினியத்தை அழுத்தினால் கறுப்புத் தூள் பறக்கும். காற்றை வெளியே இழுக்கிற ஃபேன் ஒன்று இருந்தது. அது ஓடிய நாளைவிட நின்ற நாள்தான் அதிகம். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து துப்பினால் எச்சில் கறுப்பாக இருக்கும். நான் திட்டுவேன். "எல்லாருக்கும்தான் வருது" என்பார். எல்லாருக்கும் வந்தால் நல்லது என்று எந்த மகாராசன் சொல்லிக்கொடுத்தானோ தெரியவில்லை. பிறகு படி ஏறும்போது மூச்சு வாங்கியது, அப்புறம் நடக்கும்போது, அப்புறம் சாப்பிடும்போது. நிற்க முடியாமல் போனதும், கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு என்று பட்டறையில் சொன்னார்கள். அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை.

திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரி பக்கமாக இருக்கட்டும் என்று கடம்பத்தூருக்குக் குடி வந்தோம். முன்னால் ஒரு ரூம், அதற்குப் பின்னால் அடுப்படி, வாசலைப் பார்த்து ஒரு ஜன்னல், பின்பக்கம் தகர ஷெட். நான் அதுவரை மருந்து பேக் பண்ணுகிற கம்பெனிக்குப் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தேன். தலையில் தொப்பி, கையில் உறை, தூசி என்ற பேச்சே கிடையாது. அவரைத் தனியாக விட்டுப் போக முடியாது என்று ஆனதும் அதை விட்டேன். பட்டறையில் கழித்துப் போட்ட ஒரு மோட்டாரை அவருடைய சிநேகிதர்கள் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். திருவள்ளூரில் புல்லட் வேலை பார்க்கிற மெக்கானிக் ஒருவர் அவரைப் பட்டறை நாளிலிருந்தே தெரிந்தவர். கிளட்ச் கவர், டைமிங் கவர் என்று கொண்டுவந்து போட ஆரம்பித்தார். நான் போடுகிறேன் என்றேன். வேறு யார் போடுவது?

டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். "நுரையீரல்ல படிஞ்சது படிஞ்சதுதாம்மா. இனிமே போகாது. மீதி இருக்கிறதைக் காப்பாத்திக்கணும். தூசிப் பக்கமே விடாதீங்க." அதனால் மோட்டாரை ஷெட்டில், குளியலறைக்கும் அந்தப் பக்கம் வைத்தேன். நடுவில் ஈரச் சாக்கு தொங்கவிட்டேன். வேலை முடிந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, புடவை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருவேன். அப்படியும் அடுப்படிச் சுவரில் விரலை வைத்துத் தேய்த்தால் லேசாகக் கறுப்பு ஒட்டும். ஒவ்வொரு நாளும் விரலை வைத்துப் பார்ப்பேன். இதே தூசியை வைத்துத்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்று நினைத்தால் மோட்டாரைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்று இருக்கும்.

அவர் ஜன்னல் ஓரம் கட்டிலில் உட்கார்ந்து மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். சத்தத்தை வைத்தே நான் அதிகமாக அழுத்துகிறேனா, சோப்பு காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்வார். கத்திச் சொல்ல மூச்சு கிடையாது. ஒரு பழைய ஸ்பேனரால் ஜன்னல் கம்பியில் ‘டங்’ என்று அடிப்பார். அழுத்தாதே என்று அர்த்தம். விடாமல் அடித்தால், வீலைத் தேய்த்துப் பாழாக்குகிறாய், நிறுத்து என்று அர்த்தம். பக்கத்து வீட்டம்மா, "உங்க ஊட்டுக்காரரு கோயில் மணி அடிக்க ஆரம்பிச்சிட்டாரு" என்று கிண்டல் செய்வாள். காயப்போட்ட துணியில் கறுப்பு விழுகிறது என்று அவளுக்கு என்மேல் கோபம், இருந்தாலும் பேசுவாள்.

எல்லாம் முடிந்து, கடைசியில் மைதா மாவைத் தொட்டு, மெல்லிய துணியால் சோப்பு எண்ணெயைத் துடைத்து எடுத்தால் கவர் கண்ணாடியாக நிற்கும். அதைக் கொண்டுபோய் அவர் மடியில் வைப்பேன். அந்த நேரத்தில் அவர் முதுகு நிமிரும். நோயாளி போய் மேஸ்திரி வந்து உட்காருவார். அவரிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான், இதுவும் போனால் இந்த மனிதர் கட்டிலோடு கட்டிலாகப் படுத்துவிடுவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் உயிரே அந்த ‘பாஸி’ல்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் சாமான் கொடுத்தார்கள். மூன்று அறை, ஒவ்வொன்றிலும் ஒரு பந்து. குழாயை வாயில் வைத்து இழுத்தால் பந்துகள் மேலே ஏற வேண்டும். அவருக்கு ஒரு பந்து ஏறும், இரண்டாவது கொஞ்சம் ஆடிவிட்டு உட்கார்ந்துவிடும். அதன்மேல் அவருக்கு அப்படி ஒரு வெறுப்பு.

"கொழந்த வெளையாட்டு. நான் கவர் ஊதுறேனே, அது பத்தாதா?"

"அது ஊதுறது, இது இழுக்கிறதுய்யா."

"ரெண்டும் மூச்சுதான? பேஜாரு பண்ணாத."

ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ரயிலில்தான். திருவள்ளூர் ஸ்டேஷனில் மேம்பாலம் ஏற வேண்டியிருந்தால் தொலைந்தோம். ஒரு படி ஏறி ஒரு பாட்டம் மூச்சு வாங்கிவிட்டு அடுத்த படி. வேலைக்குப் போகிறவர்கள் முட்டிக்கொண்டு ஓடுவார்கள். ஒருவர் "ஓரமா போங்கம்மா" என்று சொன்னதற்கு நான் பிடித்துக்கொண்டு கத்தியதில் ரயில்வே போலீஸ்காரர் வந்துவிட்டார். எனக்கு அழுகை சீக்கிரம் வராது. அழ வேண்டிய இடத்திலெல்லாம் சண்டை போடுவேன்.

வீட்டில் நானாக ஒரு வைத்தியம் செய்துவந்தேன். ரயில் பாதை ஓரம் நொச்சி கிடைக்கும். அந்த இலையோடு கல்லுப்பும் மஞ்சள்தூளும் போட்டு, தண்ணீரைக் கொதிக்கவைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் வைத்து, போர்வையால் அவரை மூடி ஆவி பிடிக்க விடுவேன். வெந்நீர் கொதிக்கக் கொதிக்க நெஞ்சு இளகுவதாகச் சொல்வார். அந்த நேரத்தில் நான் ஷெட்டைக் கூட்டிப் பெருக்குவேன்.

மழைக்காலம் முடிந்த சமயம். அவர் என்னிடம் புதிதாக ஒன்று சொல்ல ஆரம்பித்தார். கவரை மடியில் வைத்தால் உடனே ஊதமாட்டார். "வெச்சிட்டு போ. அப்பால பாத்து சொல்றேன்" என்பார். கொஞ்ச நேரம் கழித்து வந்தால் கவரைத் துணியில் சுற்றியே வைத்திருப்பார். "பாஸ்." எனக்கு வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். முகத்தில் ஒரு தெளிவுகூடத் தெரிந்தது. நொச்சி வேலை செய்கிறது என்று ஆர்.கே.பேட்டையில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் போனில் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு நாள் மெக்கானிக் வந்தார். பையிலிருந்து எங்கள் கிளட்ச் கவரை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். கண்ணாடி போன்ற முகத்தில் புள்ளி புள்ளியாக வெள்ளை பூத்திருந்தது.

"அக்கா, கோச்சிக்காத. மாட்டி நாலு நாள் ஆவல, இப்பிடி ஆய்ட்ச்சி. இத்தோட ரெண்டாவது. பார்ட்டி வண்டிய எக்ஸிபிஷனுக்கு எட்துனு போறவரு. என்னைத் திட்டித் தள்ளிட்டாரு."

"நீ இன்னா தண்ணில கழுவுன? ஆசிட் கீசிட் போட்டியா?"

"சத்தியமா துணி தவிர ஒண்ணும் படல. நீ அண்ணனையே கேளு."

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துச் சொல்லுய்யா என்று கவரை நீட்டினேன். வாங்கினார், விரலால் அந்தப் புள்ளிகளைத் தடவினார், "சோப்ப மாத்திப் பாருமே" என்று மட்டும் சொன்னார்.

சோப்பை மாற்றினேன். துணிச் சக்கரத்தை மாற்றினேன். மைதாவில் ஏதோ கலந்திருக்கிறான் என்று மளிகைக்கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் பாவம், பரோட்டாவுக்கு வாங்கியவர்கள் யாரும் புகார் சொல்லவில்லையே என்று விழித்தார். என் வியர்வைதான் கவரில் சொட்டுகிறதோ என்று நெற்றியில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்தேன். அப்படியும் அடுத்த கவரில் புள்ளி வந்தது. இனிமேல் சரியாக இருந்தால்தான் கொண்டுவருவேன் என்று மெக்கானிக் மரியாதையாகவே சொல்லிவிட்டார். எங்களிடம் கடைசியாக ஒரே ஒரு கிளட்ச் கவர்தான் விட்டுப்போனார். இது போனால் மோட்டார் நிற்கும், மோட்டார் நின்றால் அவர் பாஸ் போட ஒன்றும் இருக்காது. அந்தக் கவரைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் பார்த்துப் பார்த்து மெருகு போட்டேன்.

அதை அவர் மடியில் வைத்துவிட்டு, ஆவி பிடிக்கத் தண்ணீரும் வைத்துவிட்டு, ஷெட்டுக்குப் போனேன். துடைப்பத்தை முன்னறைக் கதவுக்குப் பின்னால் வைத்தது ஞாபகம் வந்து திரும்பி வந்தேன். அவர் போர்வைக்குள் இருந்தார். போர்வை ஒரு பக்கம் கூர்மையாகப் புடைத்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"பாஸ்."

போர்வையை இழுத்தேன். கொதிக்கிற நொச்சித் தண்ணீருக்கு மேலே, ஆவியில், இரண்டு கையாலும் கவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதன் முகம் முழுக்க வெள்ளை மூட்டம். தண்ணீரில் தோய்ந்த விளிம்பிலிருந்து மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் புரிந்தது புள்ளிகள்தான். அலுமினியத்துக்கு உப்பு ஆகாது, உப்புக் கை வைத்தால் பூத்துப்போகும் என்று எனக்குப் பாடம் நடத்தியதே இவர்தான்.

"யோவ்! இன்னாய்யா பண்ணிகினு கீற? உப்புத் தண்ணில காட்டுற! நான் கடக்காரன் கூடல்லாம் சண்ட போட்டுனு வந்தேனேய்யா!"

ஆவியில் அவர் முகமெல்லாம் நனைந்திருந்தது. கவரை மடியில் இறக்கி, கட்டியிருந்த கைலியாலேயே துடைக்கப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு மற்றது புரிந்தது.

"எங்க, ஊது" என்றேன்.

"வேணாமே."

"ஊதுய்யா!"

கவரை நன்றாகத் துடைத்து அவர் வாய்க்கு நேராகப் பிடித்தேன். ‘ஹா’ என்றார். ஒன்றும் படியவில்லை. தோளைத் தூக்கி, கண்ணை மூடி மறுபடியும் ஊதினார். உதட்டுக்கு நேராக ஒரு பொட்டளவு வெளுத்தது, நான் பார்ப்பதற்குள் அதுவும் போய்விட்டது. அதற்கே இருமல் பிடித்துக்கொண்டது. முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"எப்பத்திலர்ந்து?"

"மழைக்கு முன்னாலர்ந்தே மூட்டம் சரியா கட்லமே. தெனம் தெனம் சின்னதா ஆய்கினே வந்துச்சி." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "உன்கிட்ட சொன்னா நீ மோட்டார நிறுத்திடுவ. நான் இன்னாத்துக்கு அப்பால?"

பந்து ஏறவில்லை என்றால் ஆஸ்பத்திரிச் சாமானைக் குறை சொல்லலாம். இது அவரே கண்டுபிடித்த கணக்கு. தினமும் தன் மூச்சு எவ்வளவு மிச்சம் என்று அலுமினியத்தில் பார்த்துக்கொண்டு, அதை எனக்குத் தெரியாமல் போர்வைக்குள் வைத்து மூடியிருக்கிறார். நொச்சி வேலை செய்கிறது என்று நான் மகளிடம் பெருமையடித்த நாட்களெல்லாம் இதுதான் நடந்திருக்கிறது. ஷெட்டுக்குப் போய் மோட்டாரைச் சும்மா ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் வாய்விட்டு அழுதேன். ஜன்னல் கம்பியில் சத்தம் வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சாப்பிடச் சொன்னால் இரண்டு வாய். பந்துச் சாமானைத் தொடுவதில்லை. ஸ்பேனர் ஜன்னல் மேடையில் கிடந்தது. மெக்கானிக் போன் செய்தால், அவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித் தள்ளினேன். நான் பயந்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது.

"நான் ஊதுறேன், நீ பாத்துச் சொல்லு. கண்ணு நல்லாத்தான கீது?" என்று கெஞ்சினேன்.

"போட்டவ ஊதக் கூடாது."

"சட்டத்த கொண்டுபோயி குப்பையில போடு! யோவ், இப்பிடி படுத்துகினு இன்னா, சாவுறதுக்கு ஒத்திகை பாக்குறியா? நான் இங்க நின்னுகினு வேடிக்க பாக்கணுமா?"

சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. உப்புப் பட்ட கவரை மறுபடியும் மோட்டாரில் போட்டு, புள்ளியெல்லாம் எடுத்து, மைதா போட்டுத் துடைக்காமல், சோப்புக் கறுப்போடு அப்படியே வைத்துவிட்டேன். யாருக்காகத் துடைப்பது?

சில நாள் கழித்து, காலையில் டீ கொண்டுபோனபோது எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கவர எட்தா. மைதாவும் துணியும் எட்தா."

"எதுக்கு?"

"எட்தாமே."

தூசி கூடாதே என்று மைதாவைத் தண்ணீர் தெளித்து லேசாகப் பிசறி, அவர் மூக்குக்கு மாஸ்க் மாட்டிவிட்டுக் கொடுத்தேன். கவரை மடியில் வைத்துக்கொண்டு துணியால் தேய்க்க ஆரம்பித்தார். நாலு தேய்ப்பு, பிறகு சுவரில் சாய்வார். மறுபடியும் நாலு தேய்ப்பு. நான் போடுகிறேன் என்று கை நீட்டினால் முழங்கையால் தள்ளினார். நாஷ்டா ஆறிப்போனது. ரயில்கள் வந்து வந்து போயின. வெயில் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்து மறுபடியும் வெளியே போகிற வரைக்கும் தேய்த்தார். கறுப்பெல்லாம் போய்க் கவர் மின்னியது. அதை என் பக்கம் நீட்டினார்.

"நான் போட்ட வேல. நீ ஊது. இப்ப சட்டம் சரியாப் போச்சா?"

கவரை அவர் மடியிலேயே விட்டுக் குனிந்தேன். வாயைக் கிட்டே கொண்டுபோய் ஊதினேன். கவர் முழுக்க, மூலை முடுக்கு விடாமல், அடர்த்தியாக வெள்ளை மூட்டம் கட்டியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு மூச்சை வைத்துக்கொண்டு இத்தனை நாள் இவர் எதிரில் நின்று கத்தியிருக்கிறேன்.

மூட்டம் மெல்லக் கலைந்தது. அவர் விரல் சரியாக அழுந்தாத இடத்தில், ஓரமாக, இரண்டு மூன்று கோடு நின்று கலைந்தது. எனக்கு நன்றாகவே தெரிந்தது.

"பாஸ்" என்றேன்.

மாஸ்க்கை இறக்கிவிட்டு என்னை முறைத்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தப் பழைய மேஸ்திரி முறைப்பு.

"கண்ணு அவிஞ்சி போச்சா உனுக்கு? ஓரத்துல கோடு நிக்கிது. ரிஜெக்ட்டு. இன்னொரு தபா ஊது, எந்த எடம்னு பாக்கிறேன்."

ஊதினேன். அவர் விரல் அந்தக் கோட்டைத் தேடவில்லை. கவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பசியோடு இருக்கிறவர் பக்கத்து இலையைப் பார்க்கிற மாதிரி, என் மூச்சு அதன்மேல் படிந்து பரவிக் கலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுக்கக் கலைந்து எங்கள் இரண்டு முகமும் அதில் தெரிந்த பிறகும் நிமிரவில்லை.

"இன்னொரு தபா" என்றார்.